கலிபோர்னியாவுக்குப் போகப்போகிறவர்

வெளிநாடு என்று வந்துவிட்டால் மனிதர்களில் இரண்டே இனம்தான் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்: போனவர்கள், போகாதவர்கள். தப்பு. மூன்றாவதாக ஓர் இனம் உண்டு. எண்ணிக்கையிலும் அதுதான் பெரிது, சத்தத்திலும் அதுதான் பெரிது. அவர்தான் போகப்போகிறவர். போனவரை வருஷத்துக்கு ஒரு தரம் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் பெட்டிகளோடு பார்க்கலாம். போகாதவரை எங்கும் பார்க்கலாம். பார்த்தாலும் மனதில் நிற்கமாட்டார். போகப்போகிறவரோ தினமும் உங்கள் எதிரில் வந்து நின்று, நீங்கள் கேட்காமலேயே, "இன்னும் கொஞ்ச நாள்தான் சார்" என்பார். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள், நான் நம்பமாட்டேன்.

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவுக்கு வாய்த்தவன் ஜெயவேலு. அப்பா ஏகநாதன், ஒரு காலத்தில் நெல் போட்ட நிலத்தை மனை மனையாகப் பிரித்து விற்றுவிட்டு, விற்காமல் மிஞ்சிய மூலையில் மாடி வீடு கட்டி, கீழே ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். ஒரே பையன். பேசாமல் கடையில் உட்கார்ந்து ஆணி நிறுத்துக் கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் தொண்ணூற்றொன்றாம் வருஷம் பிளஸ் டூ ரிசல்ட் வந்து தொலைத்தது. ஜெயவேலு வாங்கிய மார்க்கு குரோம்பேட்டை என்ஜினீயரிங் காலேஜின் கேட்டு வரை போகப் போதும், உள்ளே போகப் போதாது. கூடப் படித்தவர்கள் ஆளுக்கொரு காலேஜில் சேர்ந்து தோளில் டிராயிங் குழாயை மாட்டிக்கொண்டு ரயில் ஏறினார்கள். இவன் மொட்டை மாடியிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த நேரம் பார்த்து தனசிங் குறுக்கே வந்தார். ஸ்டேஷனுக்கு எதிர் மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திக்கொண்டு, ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துக்கொண்டு, எஸ்.டி.டி. பூத்தும் வைத்துக்கொண்டு, போர்டில் இடம் மிச்சமிருந்ததால் 'வெளிநாட்டுப் படிப்பு ஆலோசனை' என்றும் எழுதிவைத்திருந்த மனிதர். வழவழப்பான புத்தகம் ஒன்றை எடுத்து நீட்டினார். அதில் பச்சைப் புல்வெளியில் பல நிறத்துப் பிள்ளைகள் உட்கார்ந்து எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். கலிபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜ். படிப்பின் பெயர் குளோபல் ஸ்டடீஸ். முதல் இரண்டு வருஷம் அங்கே. அப்புறம் பெரிய யூனிவர்சிடிக்கு டிரான்ஸ்ஃபர், மூன்றாம் வருஷ வகுப்பில் நேராகப் போய் உட்காரலாம், பிளஸ் டூ மார்க்கெல்லாம் ஒரு பொருட்டே இல்லை என்று தனசிங் விளக்கினார். மார்க்கு ஒரு பொருட்டே இல்லை என்ற இடத்தில் ஜெயவேலு விழுந்தான். எழுந்திருக்கவில்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது ஏகநாதன் தராசைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அதுல இன்னாடா சொல்லிக் குடுப்பாங்க?"

"உலகத்தைப் பத்தி நைனா. எல்லா நாடும் எல்லா ஜனமும் ஒண்ணோட ஒண்ணு எப்படிப் பின்னிக்கினு இருக்குன்னு."

"உலகத்தைப் படிக்க இன்னாத்துக்குடா அவ்ளோ தூரம் போவணும்? இங்க கீறது உலகம் இல்லியா?"

ஜெயவேலு சிரித்தான். போகப்போகிறவர்கள் இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் பதில் சொல்வதில்லை, லேசாகச் சிரிப்பார்கள். ரயிலில் ஜன்னலோரம் இடம் பிடித்தவன் பிளாட்பாரத்தில் நிற்பவர்களைப் பார்த்துச் சிரிப்பானே, அந்தச் சிரிப்பு.

தெருவில் வேறொரு குழப்பம். நம் ஊரில் கம்யூனிட்டி என்றால் தாசில்தார் ஆபீஸில் வாங்குகிற சர்டிபிகேட். எந்தக் கம்யூனிட்டிக்கான காலேஜ், நம்ம ஆளுங்களுக்கு அதில் கோட்டா உண்டா என்று பால்காரர் வரை விசாரித்தார்கள். அது எல்லாருக்கும் பொதுவான காலேஜ் என்று சொல்லிச் சொல்லி ஜெயவேலுவுக்கு வாய் வலித்தது. எல்லாருக்கும் பொது என்று தெரிந்ததும் தெருவில் அந்தக் காலேஜுக்கு மதிப்பு கொஞ்சம் இறங்கிவிட்டது.

சரி, போகப்போகிறவரை எப்படி அடையாளம் கண்டுகொள்வது? ரொம்பச் சுலபம். கால் இங்கே இருக்கும், கைக்கடிகாரம் அங்கே இருக்கும். ஜெயவேலு தன் கடிகாரத்தைக் கலிபோர்னியா மணிக்குத் திருப்பிவைத்துவிட்டான். காலையில் அம்மா கிளியம்மாள் இட்லித் தட்டோடு வந்தால், மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, "அங்க இன்னும் நேத்து ராத்திரிதாம்மா" என்பான். பாவம், அந்த ஜனங்கள் எப்பாடுபட்டாலும் நம்மை எட்டிப்பிடிக்க முடியாதா என்று அந்த அம்மாள் உண்மையாகவே வருத்தப்பட்டாள். காரம் அங்கே கிடைக்காது என்று குழம்பை ஒதுக்கினான். பாலில் சோளப் பொரி மாதிரி எதையோ மிதக்கவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான். அதே ஆசாமி சாயங்காலம் ஸ்டேஷன் வாசலில் தள்ளுவண்டிக்குப் பின்னால், யாரும் பார்க்காத பக்கமாகத் திரும்பி நின்று, மிளகாய் பஜ்ஜியைக் கடித்துக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். கேட்டால், கடைசியாக ஒரு தடவை என்பான். கடைசித் தடவை வாரத்துக்கு நான்கு வந்தது.

செருப்பு அறுந்தால் ஊக்கு மாட்டிக்கொள்வான். போகிறபோது எப்படியும் ஷூ வாங்கத்தானே போகிறோம்? குடை வாங்கமாட்டான். அடுத்த மழைக்கு ஆள் இங்கே இருந்தால்தானே? தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்து, வீட்டுக்கு ஒருவர் குடத்தோடு ஓடி, இடித்துக்கொண்டு, திட்டிக்கொண்டு, அதிலும் ஒரு சிநேகம் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, ஜெயவேலு மட்டும் மாடியில் நின்று ஆங்கிலப் பேப்பரை விரித்து, யுகோஸ்லாவியா உடைந்துபோனதைப் பற்றிக் கவலைப்படுவான். உலகத்தில் அவனுக்குத் தெரியாத சண்டை இல்லை. எந்த நாட்டுக்கு எந்த நதியில் உரிமை, எந்தத் தீவுக்கு யார் சொந்தக்காரர், எல்லாம் விரல்நுனியில். செம்பாக்கத்துக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சைக்கிளில் வந்த ஒருவர் அவனிடம் கேட்டார். பிறந்ததிலிருந்து அந்த ஊரில் இருப்பவன், ரொம்ப நம்பிக்கையாகக் கையைக் காட்டினான். அந்த மனிதர் வேங்கைவாசல் போய்ச் சேர்ந்தார் என்று கேள்வி.

இப்படி ஒன்றல்ல, இரண்டு வருஷம். ஆங்கிலப் பரீட்சை எழுதி, அது போதாமல் மறுபடி எழுதி, கடைசியில் ஒருவழியாகக் காலேஜிலிருந்து இடம் கொடுத்துப் பேப்பர் வந்தது. இனி விசா ஒன்றுதான் பாக்கி. ஜெயவேலுவுக்குக் கால் தரையில் பாவவில்லை. இப்போது அவன் செய்த காரியத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். போகப்போகிறவரின் மூளை எப்படி வேலை செய்யும் என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

விசா கொடுக்கிறவர்கள் என்ன எதிர்பார்ப்பார்கள் என்று அவன் உட்கார்ந்து யோசித்தான். புறப்படத் தயாராக இருக்கும் ஆளைத்தானே எதிர்பார்ப்பார்கள்? அரைகுறையாகக் கிளம்புகிறவனுக்கு யார் கொடுப்பார்கள்? ஆகவே இந்த ஊரோடு தனக்கு இருந்த ஒவ்வொரு கட்டையும் தானே அவிழ்க்க ஆரம்பித்தான். டி.வி.எஸ். வண்டியை விற்றான். நூலகத்தில் உறுப்பினர் பதிவை ரத்து செய்தான். பொழுதுபோகாமல் சேர்ந்திருந்த தபால் வழிப் பட்டப்படிப்பை நிறுத்தினான். போதாதென்று உணவுப்பொருள் அலுவலகத்துக்குப் போய், வரிசையில் நின்று, ரேஷன் கார்டிலிருந்து தன் பெயரை நீக்கி, நீக்கியதற்குச் சான்றும் வாங்கிக்கொண்டு வந்தான். சர்க்கரை ஆள் கணக்கில் கொடுக்கிற பொருளாச்சே! கிளியம்மாள் கொதித்துப்போனாள். "ஒடம்பு இங்க குந்திகினு காப்பி குடிக்குது, பேரு மட்டும் அமெரிக்கா போயிட்ச்சா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

கடைசியாக ஒரு கட்டு மிச்சமிருந்தது. அதன் பெயர் சரோஜினி. கிளியம்மாளின் அண்ணன் மகள், சேலையூரில் வீடு. மறைமலை நகரில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் கணக்கெழுதும் வேலை. தினமும் காலையில் தாம்பரத்தில் ரயில் ஏறுவாள். அவளுக்கு ஜெயவேலு, ஜெயவேலுவுக்கு அவள் என்று இரண்டு குடும்பமும் ரொம்ப நாளாக வாயாரப் பேசிக்கொண்டிருந்தது. ஒரு தடவை பிளாட்பாரத்தில் பார்த்தபோது, எப்போது பயணம் மாமா என்று கேட்டிருக்கிறாள். செப்டம்பர் என்றிருக்கிறான் இவன். எந்த செப்டம்பர் என்றிருக்கிறாள் அவள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவன், போகப்போகிறவனுக்குக் கல்யாணம் எதற்கு, அவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லியனுப்பிவிட்டான். ஆயிற்று, எல்லாக் கட்டும் அவிழ்ந்தது. தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஜூலை மாதம், புதுச் சட்டை புது ஃபைலோடு, ஜெமினி மேம்பாலத்தின் ஓரமாக அமெரிக்கத் தூதரகத்து விசா வரிசையில் போய் நின்றான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அம்மாள். நல்ல மாதிரியாகத்தான் பேசினாளாம். என்ன படிப்பு, எதற்குப் படிப்பு, முதலில் கம்யூனிட்டி காலேஜ் ஏன், பிறகு எந்த யூனிவர்சிடி, எல்லாவற்றுக்கும் ஜெயவேலு பொரிந்து தள்ளினான். யுகோஸ்லாவியாவைக்கூட இடையில் நுழைத்துவிட்டான். அந்த அம்மாள் தலையாட்டிவிட்டு, சாவதானமாகக் கேட்டாள்:

"படிப்பு முடிந்ததும் தாம்பரத்துக்குத் திரும்பி வர உங்களுக்கு என்ன காரணம் இருக்கிறது?"

ஜெயவேலுவின் முகம் மலர்ந்துபோயிற்று. இந்தக் கேள்விக்குத்தானே இரண்டு மாதமாக ஓடி ஓடித் தயார் செய்தான்? ரேஷன் கார்டில் பெயர் நீக்கிய சான்றை முதலில் எடுத்துக் கண்ணாடியில் ஒட்டினாற்போல் காட்டினான். வண்டி விற்றதைச் சொன்னான், நூலகத்தைச் சொன்னான், கல்யாணம் வேண்டாம் என்றதையும் சொன்னான்.

"ஒரு காரணமும் இல்லை மேடம். எல்லாத்தையும் முடிச்சிட்டுத்தான் வந்திருக்கேன்."

பாஸ்போர்ட் கண்ணாடிக்குக் கீழிருந்த இடுக்கு வழியாகத் திரும்பி வந்தது. முத்திரை விழவில்லை. மாணவனாகப் போகிறவன் கட்டாயம் திரும்பி வருவான் என்று நிரூபித்தால்தான் அனுமதி என்பது விதி. உலகத்து விதிகளையெல்லாம் கரைத்துக் குடித்தவனுக்கு அந்த ஒரு விதி தெரியாமல் போயிற்று. வரிசையில் பின்னால் நின்றவர்கள் அவனை இரக்கத்தோடு பார்த்தார்கள். ரயிலில் தாம்பரம் வரும்வரை அவன் உட்காரவே இல்லையாம். அவமானம் பிடுங்கித் தின்றது. தெருமுனையில் யாரோ கேட்டதற்கு, அடுத்த செமஸ்டர் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டான்.

இப்போது தனசிங்கிடம்தானே போக வேண்டும்? போனான். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். ஊரில் ஒரு பிடிப்பு இருக்கிறது என்று காட்ட வேண்டிய இடத்தில், பிடிப்பே இல்லை என்று சான்றோடு காட்டிவிட்டு வந்த முதல் ஆள் நீதான் என்றார். அடுத்த வருஷம் மறுபடி முயற்சி செய்யலாம், ஆனால் அதற்குள் பிடிப்பு வேண்டும், எதையாவது பிடித்துக்கொள் என்று சொல்லியனுப்பினார்.

சொன்னால் போதாதா? போகப்போகிறவர் இனத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு, எதைச் செய்தாலும் ஒற்றைக்காலில் நின்று செய்வார்கள். ஜெயவேலு மறுபடி அதே உணவுப்பொருள் அலுவலகத்தில், அதே வரிசையில் நின்று, பெயரைத் திரும்பச் சேர்த்தான், நூலகத்தில் உறுப்பினரானான், திரும்பி வருகிறவன்தானே காய் பறிப்பான் என்று கொல்லையில் தென்னங்கன்று வைத்தான், அப்பாவின் கடையில் காலையில் உட்கார்ந்தான், பிள்ளையார் கோவில் கும்பாபிஷேகக் குழுவில் சேர்ந்தான், எல்லாரும் ஏற்க மறுத்து நாலு வருஷமாகக் காலியாகக் கிடந்த தெருக் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் பதவியை, கேட்பதற்கு முன்னாலேயே ஏற்றுக்கொண்டான். இவ்வளவும் செய்துவிட்டு, மிச்சமிருந்த ஒன்றுக்காக, சேலையூருக்கு நடந்தே போனான்.

சரோஜினி அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். அவள் அப்பா, அம்மா எல்லாரும் கூடத்தில் இருக்க, இவன் விஷயத்தைச் சொன்னான். நிச்சயம் பண்ணிக்கொள்ளலாம், படித்துவிட்டு வந்ததும் கல்யாணம் என்றான். அவள் கைப்பையைக்கூட இறக்கிவைக்காமல் கேட்டாள்.

"மூணு மாசத்துக்கு முன்னாடி வேணாம்னீங்க. இப்ப வேணும்ங்கிறீங்க. நடுவுல நான் ஒண்ணும் மாறலை மாமா. விசாவுக்குத்தானே?"

பொய் சொல்ல வாயைத் திறந்த ஜெயவேலு, எதனாலோ, "ஆமா" என்றான்.

"உண்மையைச் சொன்னீங்க, அதனால சரின்னு சொல்றேன். ரெண்டு வருஷம் காத்திருப்பேன். அதுக்கு மேல கேக்காதீங்க."

நிச்சயமும் நடந்தது. இனிமேல்தான் வேடிக்கை. பிடிப்பைக் காட்டுவதற்காகப் பிடித்த ஒவ்வொன்றும் அவனை நிஜமாகவே பிடித்துக்கொள்ள ஆரம்பித்தது. முக்கியமாக அந்தச் சங்கத்துச் செயலாளர் பதவி. எங்கள் தெரு கொஞ்சம் மேடு, பின்தெரு பள்ளம். மழை பெய்தால் எங்கள் தண்ணீர் முழுக்க அவர்கள் வாசலில் நிற்கும். அவர்கள் கோபத்தில் மண்ணைக் கொட்டி அடைப்பார்கள். தண்ணீர் திரும்பி ஏகநாதன் கடைக்குள் வந்து ஆணி மூட்டையெல்லாம் துருப்பிடிக்கும். வடிகால் வெட்ட நகராட்சி தயார்தான், ஆனால் அது பின்தெரு வழியாகத்தான் போக வேண்டும். அவர்கள் விடமாட்டோம் என்றார்கள். பத்து வருஷச் சண்டை.

ஜெயவேலு முதல் கூட்டத்தில் எழுந்து நின்று, நைல் நதியை எத்தனை நாடுகள் பங்கிட்டுக்கொள்கின்றன என்று ஆரம்பித்தான். பின்தெருத் தலைவர் முனியம்மா, கோழிக்கறிக் கடை நடத்துகிறவர், ரொம்பப் பொறுமையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தத் தண்ணி என் வூட்டாண்ட வராது தம்பி. உன் தண்ணியப் பத்திப் பேசு" என்றார். இரண்டு தெருவும் சிரித்தது. ஜெயவேலுவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் மறுநாள் அவன் செய்த காரியம்தான் எங்களை ஆச்சரியப்படுத்தியது. அடித்த மழையில், குடை இல்லாமல், முட்டி வரை வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பின்தெருவில் போய் நின்றான். எந்த வாசலில் எவ்வளவு தண்ணீர், எங்கே தேங்குகிறது, எங்கே வழிகிறது என்று வீடு வீடாகப் பார்த்தான். அவர்களுக்குப் பயம் வடிகால் இல்லை, திறந்த வடிகால். போன வருஷம் பக்கத்துத் தெருவின் திறந்த வடிகாலில் ஒரு குழந்தை விழுந்து பிழைத்திருந்தது. முதலில் அவர்கள் பக்கம் மூடி போட்டுவிட்டுத்தான் எங்கள் பக்கம் தோண்டுவது என்று ஜெயவேலு ஓர் ஒப்பந்தம் பேசினான். முனியம்மா ஒத்துக்கொண்டார். குளோபல் ஸ்டடீஸ் என்று ஒரு படிப்பு நிஜமாகவே இருக்குமானால், அந்த வருஷம் அது கிழக்குத் தாம்பரத்தில்தான் நடந்தது என்பேன்.

அவன் கடிகாரம் எப்போது நம் மணிக்குத் திரும்பியது என்று யாருக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. சாயங்கால ரயிலுக்கு ஸ்டேஷனில் போய் நின்று, சரோஜினி இறங்கியதும் சேலையூர் வரை கூடவே நடந்து, இன்றைக்கு எத்தனை அடி தோண்டினார்கள், என்ஜினீயர் என்ன சொன்னார் என்று ஒப்பிப்பான். அவள் கம்பெனியில் எந்தப் பாகம் எந்த ஊருக்குப் போகிறது என்று சொல்வாள். சந்தோஷமாக இருந்தான். அதை நான் கண்ணால் பார்த்ததால் சொல்கிறேன்.

அடுத்த ஜூலை வந்தது. அதே மேம்பாலம், அதே வரிசை, அதே கண்ணாடி. உள்ளே வேறொரு அதிகாரி. அவரும் கடைசியில் அதைத்தான் கேட்டார். திரும்பி வர என்ன காரணம்? ஜெயவேலு ஃபைலைத் திறக்கவே இல்லை. வடிகால் இன்னும் பாதிதான் முடிந்திருக்கிறது என்றான். முனியம்மாவுக்குக் கொடுத்த வாக்கைச் சொன்னான், மூடி போடாமல் விட்ட அந்த ஒரு திருப்பத்தைச் சொன்னான், அப்பாவின் கடையைச் சொன்னான், கும்பாபிஷேகத்தைச் சொன்னான், நிச்சயம் பண்ணிய பெண் ரெண்டு வருஷம்தான் காத்திருப்பாள், சொன்னால் சொன்னதுதான் என்றான். பேசிக்கொண்டே போனான். பின்னால் வரிசை முணுமுணுத்தது. அதிகாரி கையை உயர்த்திச் சிரித்தபடி, போதும், உங்களை அமெரிக்காவில் பிடித்துவைக்கவே முடியாது என்று சொல்லி முத்திரை குத்திவிட்டார்.

வெளியே வந்து மரத்தடியில் நின்றபோது அவனுக்கு அழுகை வந்ததாம். சந்தோஷத்தில் என்று வீட்டில் சொன்னான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உள்ளே அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, அவ்வளவும் நிஜம் என்பது வெளியே வந்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது. சரி, உறைத்ததே, அங்கேயே பாஸ்போர்ட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு தாம்பரம் வந்து மிச்ச வடிகாலைப் பார்த்திருக்கலாமே என்கிறீர்களா? நீங்களாக இருந்தால் பார்த்திருப்பீர்களா? மூன்று வருஷமாகப் போகிறேன் போகிறேன் என்றவன், விசாவும் கிடைத்த பிறகு போகாவிட்டால் தெரு என்ன சொல்லும்? போனான். ரெண்டு வேன் வைத்துக்கொண்டு போய் மீனம்பாக்கத்தில் விட்டுவிட்டு வந்தோம். சரோஜினி மட்டும், ரெண்டு வருஷம் மாமா என்றாள். ரெண்டே வருஷம் என்றான் இவன், சத்தியம் பண்ணுகிற மாதிரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு.

கலிபோர்னியா போய்ச் சேர்ந்தவன் குணம் மாறியிருப்பான் என்று நினைத்தால் நீங்கள் இந்த இனத்தைப் புரிந்துகொள்ளவில்லை என்று அர்த்தம். அவன் போனவன் ஆகவில்லை. வரப்போகிறவன் ஆகிவிட்டான்! அறையில் தரையில் மெத்தை. திரும்பி ஊருக்குப் போகிறவனுக்குக் கட்டில் எதற்கு? சுவரில் ஒரு படம் மாட்டவில்லை. கூடத் தங்கியிருந்த பையன்கள் சேர்ந்து சமைத்து, சண்டை போட்டு, ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குக் கிளம்பினால் இவன் வரமாட்டான். நமக்கென்ன, ரெண்டு வருஷத்துக்கு வந்தவர்கள்தானே. வகுப்பில் வாத்தியார் உலகத்தில் எந்த மூலையைப் பற்றிப் பேசினாலும், எங்கள் தாம்பரத்தில் இப்படித்தான் என்று எழுந்திருப்பானாம். வாரா வாரம் வீட்டுக்குப் போன் பண்ணி அந்த ஒரு திருப்பத்துக்கு மூடி போட்டாயிற்றா என்று கேட்பான். புதுச் செயலாளர் அதை எப்போதோ போட்டு முடித்திருந்தார். ஏகநாதனும் எத்தனை தடவைதான் சொல்வார்?

ரெண்டு வருஷம் ஓடிற்று. மார்க்கெல்லாம் பிரமாதம். பெரிய யூனிவர்சிடியில் டிரான்ஸ்ஃபர் கிடைத்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை சரோஜினியையும் வீட்டுக்கு வரச்சொல்லிப் போன் பண்ணினான். கூடத்தில் கிளியம்மாளும் ஏகநாதனும் உட்கார்ந்திருக்க, அவள் நின்றபடியே பேசினாள். அவன் எடுத்த எடுப்பில் விஷயத்தைக் கொட்டினான். இன்னும் ரெண்டே ரெண்டு வருஷம், அதோடு படிப்பு முழுசாக முடிந்துவிடும், பெட்டியைக்கூட நான் இன்னும் சரியாகப் பிரிக்கவில்லை என்றான். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"எங்க ஆபீஸ்ல லோகநாதன்னு ஒருத்தர் மாமா. அப்பாகிட்ட வந்து கேட்டிருக்கார். நான் சரின்னுட்டேன்."

அந்தப் பக்கத்திலிருந்து "நான் வரப்போறேனே சரோ" என்றிருக்கிறான்.

"அவர் எங்கயும் போகப்போறதில்ல. எங்கிருந்தும் வரப்போறதில்ல. இருக்கார்."

சொல்லிவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் மாமா என்று போனைக் கிளியம்மாள் கையில் கொடுத்தாள். கலிபோர்னியாவில் அந்த மெத்தையில் உட்கார்ந்து ஜெயவேலு அழுத அழுகையைக் கூட இருந்த பையன் ஒருவன் பிற்பாடு எங்களிடம் சொன்னான். அவளைத் தப்பு சொல்ல முடியாது. அவன்மேல் எனக்குக் கோபமும் வரவில்லை. வருத்தம்தான்.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. யூனிவர்சிடியும் முடித்துவிட்டான், வேலையும் கிடைத்திருக்கிறது. இந்தப் பொங்கலுக்குப் போன் பண்ணியபோது, இன்னும் கொஞ்ச நாள்தான் சார் என்றான் என்னிடம்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். நீங்கள் பாஸ்போர்ட்டே எடுக்காதவர், மாம்பலத்தைத் தாண்டிப் போகாதவர், உங்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஆனால் பெரியவளுக்குக் கல்யாணம் முடியட்டும், அப்புறம் நிம்மதியாக இருக்கலாம் என்கிறீர்களே. ரிட்டயர் ஆகட்டும், அப்புறம் பாட்டுக் கற்றுக்கொள்ளலாம் என்கிறீர்களே. இது வாடகை வீடுதானே, சொந்த வீட்டுக்குப் போன பிறகு அக்கம்பக்கத்தில் பழகிக்கொள்ளலாம் என்று ஒன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களே, அது என்ன? சரி, விடுங்கள். உங்கள் எதிர்வீட்டுக்காரர் பெயர் என்ன? கதவு எண்ணைக் கேட்கவில்லை, பெயரைக் கேட்டேன்.